நிரலுக்குப் படம் வேண்டுமா, தேடல் போதுமா?

கண்டனூர்க்காரன்:
காரைக்குடியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு மென்பொருளைப் பராமரிக்கிறோம். ஆத்தங்குடி கல் பட்டறைகளின் ஆர்டர், இருப்பு, பில் எல்லாம் அதில்தான். 80,000 வரிகளுக்கு மேல் இருக்கும், முதலில் எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை. போன வாரம் ஒரு பட்டறைக்காரர் உடைந்த கற்களுக்காகக் கழிக்கும் உடைசல் கழிவு தப்பாக வருகிறது என்றார். அந்த ஒரு எண்ணைத் துரத்திக்கொண்டு 11 ஃபைல்கள் போனேன். ஒன்பதாவதில் நின்றபோது முதல் ஃபைலை எதற்குத் திறந்தேன் என்பதே மறந்துவிட்டது. மேலே வரிசையாக டேப்கள், எல்லாம் ஒரே மாதிரி. எந்த ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எதைக் கூப்பிட்டு ஓட்டுகிறது என்பதுதான் எனக்கு வேண்டும், நிரல் எழுதும் எடிட்டரோ ஃபைல் பட்டியலைக் காட்டுகிறது. இதைப் படமாகக் காட்டும் கருவி ஏன் நம் கையில் இல்லை?

ரஸ்தா:
தம்பி, தேவைப்பட்டவர்கள் செய்து பார்த்துவிட்டார்கள், நிற்கவில்லை. நிரலை நகரமாக வரையும் கோட்சிட்டி என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு கிளாஸும் (நிரலின் ஒரு பகுதி) ஒரு கட்டடம், அதற்குள் மெத்தட், அதாவது ஃபங்ஷன், கூடினால் உயரம் கூடும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பிழை எந்த மாடியில் என்று அது சொல்லாது. எது எதைக் கூப்பிடுகிறது என்று படமாகக் காட்டிய சோர்ஸ்டிரெயில் உண்மையிலேயே நல்ல கருவி. அதன் வளர்ச்சியும் 2021-இல் நின்றுவிட்டது. நிஜமான ஒரு நிரலின் அழைப்புகளை எல்லாம் வரைந்தால் சிக்கு விழுந்த நூல்கண்டுதான் கிடைக்கும். நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் எழுதும் ஒரு ஃபங்ஷனுக்கே ஆயிரம் அம்புக்குறி வரும். மாறாக, 2016-இல் எடிட்டருக்கு நிரலைப் புரியவைக்கும் லேங்குவேஜ் சர்வர் முறை வந்த பிறகு பல எடிட்டர்களிலும் ஒரு பெயரைத் தொட்டால் அது எழுதப்பட்ட இடம், பயன்படும் இடமெல்லாம் வருகிறது. ஃபைல்களில் எழுத்தைத் தேடும் கிரெப்பும் இருக்கிறது. தேடப் பழகுங்கள்.

கண்டனூர்க்காரன்:
அண்ணே, தேடல் இடத்தைக் காட்டும், நான் வந்த வழியைக் காட்டாது. 2010-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கோட் பபிள்ஸ் என்று செய்தார்கள். முழு ஃபைலைத் திறக்காமல் ஒரு ஃபங்ஷனை மட்டும் குமிழியாக எடுத்து வைக்கலாம், அது கூப்பிடுவதைப் பக்கத்தில் வைக்கலாம். வந்த வழி திரையிலேயே கிடக்கும். எல்லாவற்றையும் வரையச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

ஆச்சி பேத்தி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். படம் தோற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு: இடம் மாறிக்கொண்டே இருப்பது. எங்கள் வீடு கானாடுகாத்தானில். கரண்ட் போனாலும் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தடவாமல் நடப்பேன், ஏனென்றால் எதுவும் நகராது. தானாக இடம் ஒதுக்கி வரையும் கிராஃப்விஸ் மென்பொருளின் படத்தில் ஒரு ஃபங்ஷன் கூடினால் மொத்தமும் இடம் மாறிவிடலாம். நேற்று இடது ஓரத்தில் பார்த்தது இன்று நடுவில் இருக்கும். 1992-இல் பெல் லேப்ஸில் செய்த சீசாஃப்ட் எனக்குப் பிடித்ததே இதனால்தான். ஃபைலுக்கு ஒரு செங்குத்துப் பத்தி, வரிக்கு ஒரு மெல்லிய கோடு, எப்போது மாறியது என்பதற்கு நிறம். நிறம் மாறினாலும் வரிசை குலையாது. கண் இடத்தைப் பழகிக்கொள்ளும்.

ரஸ்தா:
ஆச்சி, அந்த வீட்டைத் திட்டம் போட்டுக் கட்டினார்கள். எங்கள் நிரல், பாகப்பிரிவினைக்குப் பிறகு ஆளுக்கொரு சுவர் எழுப்பிய வீடு. இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் என் பெரிய கவலை. எங்கள் நிரலில் எந்த ஃபங்ஷனை ஓட்ட வேண்டும் என்பது டேட்டாபேஸில் பெயராகக் கிடக்கிறது. நிரலை வாசித்துப் படம் வரையும் கருவிக்கு அந்த அம்பு தெரியவே தெரியாது. கிரெப் வெறும் எழுத்தைத்தான் தேடுகிறது என்று எனக்குத் தெரியும், அதனால் ஜாக்கிரதையாக இருப்பேன். படமோ முழுமையானது போல நிற்கும். அம்பு இல்லை என்று நம்பித்தான் ஒருவன் ஒரு ஃபங்ஷனை அழித்துவிடுவான்.

கண்டனூர்க்காரன்:
இதை நான் யோசிக்கவில்லை அண்ணே, சரியான கேள்வி. அப்படியானால் நிரலை வாசித்து வரைய வேண்டாம், ஓடவிட்டு வரையலாம். நேற்று அதைத்தான் கையால் செய்தேன். தப்பாக வந்த அந்த ஒரு பில்லை மட்டும் ஓட்டி, கடந்து போன ஃபங்ஷன்களை லாக்கில் பதிந்தேன். நாற்பது கூட வரவில்லை. சார்ட் தாளில் ஒட்டித் தரையில் விரித்தேன். உடைசலை ஓரிடத்தில் கல் எண்ணிக்கையிலும் இன்னோரிடத்தில் சதுர அடியிலும் கழித்திருக்கிறார்கள். இரண்டு துண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததால்தான் கண்ணில் பட்டது.

ரஸ்தா:
‘சதுர அடி’ என்று தேடியிருந்தால் இரண்டு நிமிடம்.

கண்டனூர்க்காரன்:
அந்த வார்த்தையைத் தேட வேண்டும் என்று தாளைப் பார்த்த பிறகுதானே தெரிந்தது? எனக்கு வேண்டிய கருவி அந்தத் தாள்தான். ஒரு ஓட்டம், அதில் தொட்டவை மட்டும், நான் வைத்த இடத்திலேயே. சேமித்து வைத்தால் அடுத்து வருபவர் அதைத் திறந்து பார்க்கலாம்.

ஆச்சி பேத்தி:
புதிதாக வரும் ஃபங்ஷன் ஓரத்தில் தனியாக வந்து நிற்கட்டும். இருப்பதை நகர்த்தக் கூடாது.

ரஸ்தா:
சரி, ஒரு ஓட்டத்துக்கு ஒரு படம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பில் தொடாத வழி அதில் இருக்காது என்பதைப் படத்திலேயே எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதத்தில் நிரல் மாறினால் தாளை யார் திருத்துவார்? அந்தப் பில்லையே நிரலைச் சோதிக்கும் ஒரு டெஸ்டாகப் போட்டு, அது ஓடும்போதெல்லாம் பதிவு புதிதாக எழுதப்படுமாறு செய்யுங்கள் தம்பி. செய்ததும் அனுப்புங்கள், டேட்டாபேஸில் பெயர் கிடக்கும் எங்கள் நிரலில் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன்.