உடலியல் அடர்த்தி வேண்டாம், உழுநில மக்களடர்த்தி என்போம்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நாட்டின் மக்கள்தொகையை மொத்தப் பரப்பால் வகுக்காமல், உழக்கூடிய நிலத்தால் மட்டும் வகுத்துக் கிடைக்கும் அடர்த்தியை ஆங்கிலத்தில் ‘பிசியலாஜிக்கல் டென்சிட்டி’ என்கிறார்கள். இதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உடலியல் அடர்த்தி, விளைநில அடர்த்தி, நிலச்சுமை. நான் நான்காவதாக ‘உழுநில மக்களடர்த்தி’யை முன்வைக்கிறேன். கொஞ்சம் நீளமான சொல்தான். ஏன் என்று சொல்கிறேன்.

என் அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய வழிகாட்டி நூலில் ‘உடலியல் அடர்த்தி’ என்று அச்சிட்ட இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தாள். “சித்தப்பா, இது உடம்பு எடையைப் பத்தினதா?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. உடலியல் என்றால் அவளுக்கு நினைவு வருவது உயிரியல் பாடம். ஆங்கிலச் சொல்லின் தோலை மட்டும் உரித்துக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள்.

எகிப்தையும் வங்கதேசத்தையும் வைத்து அவளுக்கு விளக்கினேன். எகிப்தின் பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கி.மீ. மக்கள் 10 கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் சதுர கி.மீட்டருக்கு நூற்றுச் சொச்சம் பேர். வங்கதேசத்தில் இது 1,100-ஐத் தாண்டும். அப்படியானால் எகிப்தில் தாராளமாக இடம் கிடக்கிறது என்றுதானே தோன்றும்? ஆனால் எகிப்தில் பெரும்பகுதி பாலைவனம். உழக்கூடிய நிலம் நைல் ஆற்றை ஒட்டிய பச்சை நாடாவிலும் கழிமுகத்திலும் இருக்கிறது, நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. அந்த நிலத்தால் மட்டும் வகுத்தால் சதுர கி.மீட்டருக்கு 2,500 பேருக்குக் குறையாது. நாட்டில் பாதிக்கு மேல் வயலாக உள்ள வங்கதேசத்துக்கு இதே கணக்கு சுமார் 2,000-தான். எது நெருக்கடியான நாடு என்ற விடையே தலைகீழாகிவிடுகிறது. மக்களை எந்த நிலத்தால் வகுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சொல்லும் அந்த நிலத்தைக் காட்ட வேண்டும்.

சரி, ‘விளைநிலம்’ போதாதா? நல்ல சொல்தான், ஆனால் அகலம் அதிகம். இந்தக் கணக்கில் வருவது ஆண்டுப் பயிர் செய்யும் நிலம். பொள்ளாச்சித் தென்னந்தோப்பும் வால்பாறைத் தேயிலையும் நிரந்தரப் பயிர்கள், அவை சேராது. அதே சமயம் ஓரிரு ஆண்டு தரிசாகக் கிடக்கும் புஞ்சை சேரும். விளைநிலம் என்றால் தோப்பு உள்ளே வந்துவிடும், தரிசு வெளியே போய்விடும்.

‘உழுநிலம்’ இங்கே அழகாகப் பொருந்துகிறது. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: உழுத நிலம், உழுகின்ற நிலம், உழும் நிலம். போன வருஷம் உழுது இந்த வருஷம் சும்மா விட்ட நிலமும் இதில் அடங்கும். இலக்கணம் நமக்கு இலவசமாகத் தரும் வசதி இது. டிராக்டர் காலத்தில் உழவு பழைய சொல் ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ரோட்டவேட்டர் விட்டாலும் ஊரில் “உழவு ஓட்டியாச்சா?” என்றுதான் கேட்கிறார்கள்.

நிலச்சுமையை நான் ஏற்காததற்குக் காரணம், அது அளவைச் சொல்லாமல் தீர்ப்பைச் சொல்கிறது. சிங்கப்பூருக்கு இந்த எண் லட்சங்களில் வரும். ஆனால் அங்கே உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. தொழிலும் வணிகமும் சம்பாதித்துக் கொடுக்கும்போது நிலத்தின் மேல் அந்தச் சுமை ஏறுவதில்லை.

‘உழுநில அடர்த்தி’ என்று சுருக்கினால் நிலமே அடர்ந்திருப்பதாகப் பொருள்படும். ‘மக்கள்’ இருக்கட்டும்.

அப்புறம், இதன் ஜோடிச் சொல்லான ‘அக்ரிகல்சுரல் டென்சிட்டி’. அது ஒரு சதுர கி.மீ. உழுநிலத்துக்கு எத்தனை உழவர் என்ற கணக்கு. ‘உழவரடர்த்தி’ என்றாலே போதும். நெதர்லாந்தில் உழுநில மக்களடர்த்தி மிக அதிகம், ஆனால் இயந்திரங்கள் வேலை செய்வதால் உழவரடர்த்தி குறைவு. இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு மாணவருக்குத் தானே புரியும்.

உங்கள் ஊர் அடங்கலிலோ (நிலப் பயிர்ப் பதிவேடு) பேச்சிலோ ‘உழுநிலம்’ வேறு பொருளில் புழங்கினால் எழுதுங்கள், கலைச்சொல் பட்டியலில் ஏற்றும் முன் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்