சரியாகத்தான் விளக்குகிறோம், ஆனாலும் எதுவும் நகரவில்லை: தவறு எங்கே?

கேள்வி: நிழற்குடை

உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சையில் நனவிலி (நமக்கே தெரியாமல் இயங்கும் மனப்பகுதி), ஒடுக்கம் (தாங்க முடியாததை அங்கே தள்ளிவிடுவது), தற்காப்புகள் (அது மேலே வராமல் மனம் போடும் தடுப்புகள்), டிரான்ஸ்ஃபரன்ஸ் (பழைய உறவின் உணர்வுகளை இன்றைய ஆள்மேல் ஏற்றுவது) எல்லாம் ஏட்டளவில் புரிகிறது. அறைக்குள்தான் சிக்கல். வருகிறவர் மேலாளரைப் பற்றிக் குமுறுகிறார். அதே சொற்களில்தான் முன்பு அப்பாவைப் பற்றியும் பேசினார். "மேலாளரிடம் அப்பாவைப் பார்க்கிறீர்கள்" என்றால், "ஆமா சார், கரெக்டா சொன்னீங்க" என்கிறார். அடுத்த வாரம் அதே குமுறல், அல்லது ஆளே வருவதில்லை. விளக்கம் தவறா, சொன்ன நேரம் தவறா? வாரம் ஒருமுறை, 50 நிமிடம், எதிரெதிர் நாற்காலி என்ற ஏற்பாட்டில் எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில் 1: கல்மண்டபம்

அந்த "ஆமா சார்" எதற்கும் சான்று இல்லை. பகுப்பாய்வாளர் சொல்வதற்கு நோயாளி "ஆம்" என்றாலும் "இல்லை" என்றாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1937இலேயே எழுதிவிட்டார். பிறகு என்ன வருகிறது என்பதுதான் கணக்கு. இதுவரை சொல்லாத நினைவு ஒன்று, ஒரு கனவு, நாக்குப் பிறழ்ச்சி, திடீரென்று தழுதழுக்கும் குரல் என்று ஏதாவது புதிதாக வந்தால் விளக்கம் எங்கோ பட்டிருக்கிறது. வெறும் பாராட்டு வந்தால் படவில்லை.

வேலையின் வரிசையை அமெரிக்கப் பகுப்பாய்வாளர் கிரீன்சன் நான்காகப் பிரித்தார்: கவனத்துக்குக் கொண்டுவருவது, தெளிவாக்குவது, பொருள் சொல்வது, அதையே பல இடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்து உழைப்பது. நீங்கள் முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதில் குதித்திருக்கிறீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. அப்பா பெல்ட்டால் அடித்ததை ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

முதலில்: "இதைச் சொல்லும்போது சிரிக்கிறீங்க." அவ்வளவுதான், நிறுத்திவிட வேண்டும்.
அவர் "அப்படியா?" என்று யோசித்தால்: "அந்தச் சிரிப்பு எப்போ வந்துச்சு? எந்த இடத்துல?"
இதே சிரிப்பை வேறு இரண்டு மூன்று இடங்களிலும் அவரே கண்டுகொண்ட பிறகு: "சிரிக்கலேன்னா அங்கே வேற ஏதோ வந்துடும்போல இருக்கு."
அடியில் இருக்கும் கோபத்துக்கோ அவமானத்துக்கோ பேர் வைப்பது கடைசியில்.

அதாவது தற்காப்பை முதலில் தொட வேண்டும், அது எதை மறைக்கிறது என்பதைப் பிறகு. தலைகீழாகச் செய்தால் அவர் கதவை இன்னும் இறுக்கிச் சாத்துவார். அல்லது உங்கள் விளக்கத்தையே புதிய தாழ்ப்பாளாக்கிக்கொள்வார். "எனக்கு ஃபாதர் இஷ்யூ சார்" என்று சரளமாகச் சொல்லிவிட்டு எதையும் உணராமல் உட்கார்ந்திருப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

பதில் 2: அந்திமந்தாரை

கல்மண்டபம் சொன்னது சரி. ஆனால் அதற்கும் முன்னால் சட்டகம் ஒன்று இருக்கிறது. நாள், நேரம், 50 நிமிடம், கட்டணம், வராத நாளுக்குப் பணம் உண்டா இல்லையா, விடுமுறை, இடையில் போன் செய்யலாமா என்பதெல்லாம் முதல் இரண்டு மூன்று சந்திப்புகளுக்குள் வாய்விட்டுப் பேசித் தீர்மானமாக வேண்டும். இது கறார்த்தனத்துக்காக இல்லை. உங்கள் பக்கம் அசையாமல் இருந்தால்தான் அவர் பக்கத்து அசைவு கண்ணில் படும். நீங்களே பத்து நிமிடம் தாமதமாக ஆரம்பிக்கிறவர் என்றால், அவர் தாமதத்துக்கு என்ன பொருள் சொல்வீர்கள்?

இருபது நிமிடம் பிந்தி வந்தாலும் குறித்த நேரத்தில் முடியுங்கள். பாவம் பார்த்து நீட்டினால் அந்தத் தாமதத்தைப் பற்றிப் பேசும் வாய்ப்பு போய்விடும். எழுந்து செருப்பு மாட்டும்போது முக்கியமானதைச் சொல்வார்கள். அப்போது மறுபடி உட்காரவைக்காமல், "இதை அடுத்த தடவை இங்கிருந்தே ஆரம்பிக்கலாம்" என்றால் போதும். நீங்கள் விடுப்பில் போவதாக இருந்தால் மூன்று நான்கு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கான எதிர்வினை அறைக்குள்ளேயே வர நேரம் வேண்டும்.

தோன்றுவதை வடிகட்டாமல் சொல்ல வேண்டும் என்ற அடிப்படை விதியை வருகிறவருக்குச் சொல்வதிலும் தப்பு நடக்கிறது. "மனசுல உள்ளதைச் சொல்லுங்க" என்றால் வீட்டிலேயே தயாரித்த பட்டியலை ஒப்பிப்பார்கள். ரயிலில் சன்னலோரம் இருப்பவர் வெளியே ஓடும் காட்சியை உள்ளே இருப்பவருக்குச் சொல்வதுபோல என்றார் ஃபிராய்ட், 1913இல். நம் ஊரில் யாருக்கும் புரியும் உவமை. கூடவே இதையும் சேருங்கள்: "அற்பம், அசிங்கம், சம்பந்தமே இல்ல, என்னைப் பத்தியே தப்பா நினைக்கிறோம்னு தோணினாலும் விட்டுடாதீங்க." அந்தக் கடைசித் துண்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வராமல் போகிறவர் விஷயம். ஃபிராய்டிடம் சிகிச்சைக்கு வந்த டோரா 1900 டிசம்பர் 31 அன்று சிகிச்சையை முறித்துக்கொண்டு போனாள், மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிரான்ஸ்ஃபரன்ஸை உரிய நேரத்தில் கையாளத் தவறினேன் என்று ஃபிராய்டே ஒப்புக்கொண்டார். உங்கள் ஆள் மேலாளரிடம் அப்பாவைப் பார்க்கிறார், சரி. உங்களிடம் யாரைப் பார்க்கிறார்? அதிகாரம் உள்ளவருக்குத் தலையாட்டிவிட்டு நழுவுவதுதான் அவர் பழக்கம் என்றால், "கரெக்டா சொன்னீங்க சார்" என்பதும் மறுவாரம் வராததும் அதே நாடகம்தான். அதை அன்றே மெல்லத் தொட்டிருக்கலாம்.

பதில் 3: கல்மண்டபம்

"அன்றே" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. டிரான்ஸ்ஃபரன்ஸ் தடையாக மாறும்வரை அதைத் தொட வேண்டாம் என்பதும் ஃபிராய்டின் அதே 1913 கட்டுரையில்தான் வருகிறது. பகுப்பாய்வாளர் மெலனி கிளைன் வழியினர் ஆரம்பத்திலேயே தொடுவார்கள் என்பது தெரியும். ஆனால் அங்கே வாரத்துக்கு ஐந்து முறை சந்திப்பு. வாரம் ஒருமுறை வருகிறவரைக் கிளறிவிட்டு ஏழு நாள் தனியே அனுப்புவது வேறு சங்கதி.

பதில் 4: தேரிக்காடு

இருவரும் விட்ட ஒன்று, மொழி. ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் கேட்கும்போது சில குறிகள் தவறிப்போகும், சில இல்லாத இடத்தில் தெரியும்.

"எனக்குக் கோபம் வந்துச்சு" என்பதைக் கேட்டு, கோபத்துக்குப் பொறுப்பேற்க மறுக்கிறார் என்று எழுதாதீர்கள். தமிழில் கோபம் வரத்தான் செய்யும், அது இலக்கணம். ஒருவர் தன் வழக்கத்தை மீறும் இடம்தான் கவனிக்க வேண்டியது. "நாங்க வீட்ல" என்றே பேசிவந்தவர் ஒருநாள் "நாம போன வாரம் பேசினோமே" என்றால், அந்த "நாம"வுக்குள் நீங்களும் வந்துவிட்டீர்கள். "சார்" திடீரென்று "அண்ணா" ஆவதும் அப்படித்தான். உடனே சுட்டிக்காட்ட வேண்டாம், குறித்துவைத்துக்கொள்ளுங்கள். குறிப்பை அறைக்குள் எழுதாமல் அவர் போன பிறகு எழுதுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால், எதை எழுதலாம் என்று காது தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிடும்.

பெரியவர் சொன்னால் மறுத்துப் பேசாத மரியாதையும் அந்த "ஆமா"வில் கலந்திருக்கலாம். எது மரியாதை, எது தப்பித்தல் என்று ஒரு சந்திப்பில் தெரியாது.

உங்களுக்குள் எழும் எரிச்சல், தூக்கம், காப்பாற்றத் துடிப்பது ஆகியவையும் தகவல்தான் என்று பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் 1950இல் வாதிட்டார். அதற்காக "எனக்கு எரிச்சல் வருகிறது, ஆகவே அவர் எரிச்சலூட்டுகிறார்" என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. எரிச்சல் உங்களுடையதாகவே இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் பயிற்சியில் சொந்தப் பகுப்பாய்வும் மேற்பார்வையும் கட்டாயம்.

நிழற்குடை

அப்படியென்றால் வருகிறவரைப் படுக்கவைத்துப் பேசவைக்கும் அந்தப் படுக்கை வேண்டாமா? எவ்வளவு காலம் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிப் பேசுவது?

பதில் 5: அந்திமந்தாரை

வாரம் ஒருமுறைக்கு நாற்காலியே நல்லது. முகம் தெரியாமல் படுத்துப் பேசுவது வாரத்துக்கு நான்கைந்து சந்திப்பு உள்ள முழுப் பகுப்பாய்வுக்கானது. தீவிர மனச்சிதைவு, உடனடித் தற்கொலை ஆபத்து, நிற்காத குடி இருந்தால் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம், முதலில் மனநல மருத்துவர்.

காலம் மாதக்கணக்கு, பல சமயம் வருடக்கணக்கு. "அதே பேச்சு" என்று சலிக்காதீர்கள். மேலாளர், அப்பா, மனைவி, நீங்கள் என்று ஒவ்வோர் இடத்திலும் அதே முடிச்சைத் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். அடுத்த முறை அவர் "கரெக்ட் சார்" என்றதும் எதையும் விளக்காமல், "சரின்னு சொல்லிட்டீங்க. சரியில்லாத பக்கம் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிடமானாலும் காத்திருங்கள்.