அம்மாவின் 15,346 கிலோமீட்டர்

குழு: ஈசூன் வீடு

செந்தில்: அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அக்டோபர் 10, மதியம் 12 மணிக்குச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் புறப்பாடு. எங்கும் நிற்காமல் நேரே நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம். பதினெட்டரை மணி நேரம்.

கவிதா: இங்கே எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் அம்மா? அவர் விடுப்பு எடுக்க வேண்டுமா?

செந்தில்: வேண்டாம் அக்கா. அதே 10ஆம் தேதி மாலை ஆறரை. மாமா வேலை முடிந்தே வரலாம்.

அம்மா: பதினெட்டரை மணி நேரம் உட்கார்ந்து போவேன், கடிகாரம் ஆறரை மணி நேரம்தான் ஆனது என்று சொல்லுமா?

அப்பா: திரும்பும்போது வட்டியோடு வாங்கிக்கொள்வார்கள். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள், 12 மணி நேர வித்தியாசம் 13 ஆகிவிடும். டிசம்பரில் நீ அங்கே இரவு பத்தரைக்கு ஏறினால், இங்கே இறங்கும்போது இரண்டு தேதி தள்ளிக் காலை ஆறு மணி.

பெரியத்தை: நான் போனது பிராங்பர்ட் வழி. நடுவில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம். விலையும் குறைவு.

செந்தில்: தூரமும் 1,100 கிலோமீட்டர்தான் கூடுதல் அத்தை. ஆனால் மொத்தம் ஒரு முழு நாள் ஆகிவிடும். நேர் விமானத்தில் சாதாரண வகுப்பே இல்லை. எடையும் எரிபொருளும் பார்த்து 161 இருக்கைகள்தான் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்த விலை.

அம்மா: விலையைக் குழுவில் போடாதே.

அப்பா: உலக உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தேன். வேடிக்கையாக இருக்கிறது. சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178. ஏறக்குறைய பூமியின் எதிர்ப்பக்கம். இங்கே பகல் என்றால் அங்கே இரவாக இருப்பது அதனால்தான். நூலும் இந்தியா பக்கமும் போகவில்லை, ஜப்பான் பக்கமும் போகவில்லை. நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை உரசிக்கொண்டு மறுபக்கம் இறங்குகிறது! நூலின் நீளம் மொத்தம் 138 பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்.

கவிதா: 15,318. அப்பா இன்னும் வாத்தியார்தான்.

அப்பா: 111.2 போடு. 15,346 வரும்.

அம்மா: வடதுருவமா? கம்பளிச் சட்டை இரண்டு கூடுதலாக வைக்கிறேன்.

செந்தில்: நூல் போகிற வழியில் விமானம் போகாது அம்மா. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று அடிக்கும். அதை முதுகில் வாங்கிக்கொள்ளப் பசிபிக் பக்கம் சுற்றிப் போவார்கள். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். திரும்பும்போதும் பல நாட்களில் கிழக்கே, அட்லாண்டிக் மேலாகத்தான் வருவார்கள்.

கவிதா: போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கா? அப்படியானால் அம்மா உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்!

அம்மா: பேரப்பிள்ளைக்காக ஒரு பிரதட்சிணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அப்பா: கிழக்கே போனால் துருவம் உன் இடப்பக்கம் இருக்கும். அது அப்பிரதட்சிணம்.

பெரியத்தை: தம்பி, இதையெல்லாம் இப்போது சொல்ல வேண்டுமா?

கவிதா: அம்மா, கறிவேப்பிலை கொண்டுவராதீர்கள். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பொடி போதும்.

செந்தில்: இருக்கை ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா?

அம்மா: நடைபாதை ஓரம். எழுந்து நடக்க வேண்டும். வலப்பக்கமாகப் பார்த்துப் போடு.