ஆங்கிலத்தில் 'லெக்', 'ஃபுட்': ஓர் ஐயம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஆங்கில வாக்கியங்கள் எழுதப் பழக்கிவரும் நான், எனக்கே தெளிவில்லாத ஓர் இடத்தில் நின்றுவிட்டதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

தமிழில் இடுப்புக்குக் கீழே விரல் நுனிவரை முழுவதையும் 'கால்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ கணுக்கால்வரை 'லெக்', அதற்குக் கீழே 'ஃபுட்'. ஆகவே, செருப்பு கடித்த இடத்தை 'லெக்' என்று அவள் எழுதியபோது திருத்த முடிந்தது. 'ஃபுட்' பன்மையில் 'ஃபீட்' ஆவதையும், 'ஆன் ஃபுட்' என்றால் நடந்து செல்வதைக் குறிக்கும் என்பதையும் அவள் எளிதில் பிடித்துக்கொண்டாள்.

என் குழப்பம் வேறு. 'கால் வலிக்கிறது' என்று தமிழில் யாருடைய கால் என்று குறிப்பிடாமலே சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'மை லெக் ஹர்ட்ஸ்' என்று 'மை' சேர்த்தாக வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் 'தி பால் ஹிட் மீ ஆன் தி லெக்' என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு, அடிபட்டது என் காலாக இருக்கும்போது இங்கே மட்டும் ஏன் 'தி' வருகிறது என்று அவள் கேட்டாள். அடிபட்டவரை 'மீ' என்று முன்பே சொல்லிவிட்டதால்தான் 'தி' போதுமானதாகிறது என்று ஊகிக்கிறேன். ஊகத்தை விதியாகக் கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் ஊகம் சரிதானா, அங்கே 'மை' என்று எழுதினால் பிழையாகுமா, 'கை' என்று வரும்போதும் இதே முறைதானா என்பதை, ஆங்கிலம் கற்பித்த அனுபவமுள்ளவர்கள் ஓரிரு எடுத்துக்காட்டுகளுடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.