புதிதாகச் செல்பவர் முதலில் எந்த ஆலயத்துக்குப் போகலாம்?

கேள்வி:
வணக்கம். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் அல்லள். பணி நிமித்தம் சென்னை எழும்பூரில் தங்கியிருக்கும் எனக்கு, ஒரு ஞாயிறு ஆராதனையில் தொடக்கம் முதல் முடிவு வரை அமர்ந்திருக்க வேண்டும் என்ற விருப்பம் நெடுநாளாக உண்டு. எல்லார் முன்னிலையிலும் எழுப்பி அறிமுகப்படுத்துவார்களோ, எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் தவிப்பேனோ என்ற தயக்கமே தடுக்கிறது. வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1:
சகோதரி, பெரிய, பழைய ஆலயத்தையே முதலில் தேர்ந்தெடுங்கள். கூட்டம் மிகுந்த இடத்தில் புதியவரை எவரும் உற்றுநோக்குவதில்லை. நான் சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். எங்கள் ஆராதனை முறை அச்சிட்ட நூலாகவே கிடைப்பதால், எதை எப்போது சொல்வது, எங்கே எழுந்து நிற்பது என்பதை அதைப் பார்த்தே பின்பற்றலாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் ஒன்றிணைந்து உருவான திருச்சபை இது என்பதால், பல மரபினர் அருகருகே அமர்ந்து பழகியிருக்கிறோம். தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயமாகப் பாருங்கள். மேனாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டையும் நம் இராகங்களில் அமைந்த கீர்த்தனையையும் ஒரே காலையில் கேட்கலாம், அது உண்மையிலேயே பெரும் பேறு. பல ஆலயங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் சடங்கு, உண்டு. அன்று ஆராதனை நீளும் என்பதால் வேறொரு ஞாயிறு செல்வது நல்லது. பின்வரிசையில் அமருங்கள். காணிக்கைப் பை வரும்போது எதுவும் போட வேண்டிய கட்டாயமில்லை.

மறுமொழி 2:
கத்தோலிக்க ஆலயங்களில் நடக்கும் திருப்பலி என்னும் ஆராதனையையும் எண்ணிப் பாருங்கள். இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறை எனப் போற்றப்படும் இடத்தில் எழுந்த சாந்தோம் பேராலயத்துக்கும், பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்துக்கும் பிற சமயத்தார் வழக்கமாகவே வருவதால், அங்கே உங்களை யாரும் அயலாராகக் கருத மாட்டார்கள். எல்லாரும் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வரிசையாகச் செல்லும்போது மட்டும் இருக்கையிலேயே அமர்ந்திருங்கள். நற்கருணை கத்தோலிக்கருக்கு உரியது. அதில் தாழ்வு ஏதுமில்லை, உங்களைப் போலவே அமர்ந்திருப்போர் பலர் இருப்பார்கள்.

மறுமொழி 3:
பெரிய ஆலயமே ஏற்றது என்பதில் நான் சற்று மாறுபடுகிறேன். தனித்து வாழ்பவருக்கு, சிறிய பெந்தெகொஸ்தே சபையின் அன்பு ஆறுதலாக அமையக்கூடும். ஆனால் அங்கே கைதட்டிப் பாடுவார்கள், அந்நிய பாஷையில் (தூய ஆவி அருளுவதாக அவர்கள் நம்பும், கேட்பவருக்குப் புரியாத மொழியில்) ஜெபிப்பார்கள், புதியவரைப் பெயர் கேட்டு வரவேற்பார்கள். உங்கள் தயக்கத்தைப் பார்க்கும்போது, அதை இரண்டாம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செல்வதானால் பாஸ்டரிடம் முன்னதாகவே பேசி, உங்களை எழுப்பி அறிமுகப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.