புதுப்பிப்பு: கணினிப் பங்கு சரியும் என்று பந்தயம் கட்டியதன் முடிவு

ஒரு கணினித் தயாரிப்பு நிறுவனத்தில் விற்காத சரக்கு தொடர்ந்து ஏறுகிறது, பங்கை ஷார்ட் செய்யலாமா (கடன் வாங்கி விற்று, விலை சரிந்ததும் வாங்கித் திருப்பித் தருவது), புட் ஆப்ஷன் (குறித்த விலையில் பங்கை விற்கும் உரிமை) வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது 'புட் ஸ்பிரெட்' யோசனைதான். அதாவது, நடப்பு விலைக்கு அருகில் விற்கும் உரிமை தரும் ஒரு புட் வாங்கி, 10% கீழான விலையில் விற்கும் உரிமை தரும் இன்னொன்றை விற்றேன். நிறுவனம் வெளியிட்ட காலாண்டு நிதி முடிவுகளில் நினைத்தபடியே வருவாய் குறைந்திருந்தது. ஆனால் மறுநாள் சந்தை திறந்ததும் பங்கு ஏறியது! பலவீனம் முன்பே விலையில் கலந்திருந்தது போலும். அந்த அரை மணி நேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வரம்பற்ற நஷ்டத்துக்கு இடமுள்ள நேரடி ஷார்ட்டாக இருந்திருந்தால், பயத்தில் அப்போதே பங்கைத் திரும்ப வாங்கி முடித்திருப்பேன். மதியத்துக்குப் பிறகுதான் பங்கு 4% சரிந்தது. லாபம் சிறியது.

நான் எதிர்பாராதது, முடிவு வெளியானதும் ஆப்ஷன் பிரீமியம் (ஆப்ஷனின் விலை) வடிந்த வேகம். புட் மட்டும் வைத்திருந்தால் லாபத்தின் பெரும்பகுதியை அதுவே விழுங்கியிருக்கும். விற்ற புட்டும் மலிந்ததால் தப்பித்தேன்.

இன்னொன்று: ஷார்ட் செய்தவர் ஈவுத்தொகையைத் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அந்தத் தேதியை முதலில் பாருங்கள்.