ஜப்பானில் 10 நாள்: ரயில் பாஸா, விமானமா, வாடகைக் காரா?

கயல்விழி:
ஜூலையில் குடும்பத்தோடு ஜப்பான். நாங்கள் இருவர், பிள்ளைகளுக்கு 9, 5 வயது. டோக்கியோவில் இறங்கி கியோட்டோ, ஒசாகா, பிறகு வடக்குத் தீவான ஹொக்கைடோவில் ஃபுரானோ. ஊர் திரும்பும் விமானம் நரிதாவிலிருந்து. 7 நாளும் ரயிலில் சுற்ற விடும் ஜே.ஆர். பாஸ் கட்டுப்படியாகுமா? ஃபுரானோவில் கார் ஓட்ட நம்ம ஊர் லைசென்ஸ் போதுமா? பெரிய பெட்டி இரண்டு இருக்கும்.

ரயில்பித்தன்:
பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000க்கு ஏற்றிவிட்டார்கள். டோக்கியோ–கியோட்டோ நோசோமி என்ற புல்லட் ரயிலில் முன்பதிவு இருக்கை சுமார் 14,000 யென். கியோட்டோ–ஒசாகா சாதாரண ரயிலில் அரை மணி நேரம், 600 யென்னுக்குள் முடிந்துவிடும். பாஸ் இருந்தாலும் நோசோமிக்குத் தனிக் கட்டணம் கட்டணும், அது வேறு. 9 வயதுக்கு அரை டிக்கெட். 5 வயதுக்கு இலவசம், ஆனால் மடியில்தான். தனி இருக்கை வேண்டுமென்றால் அதற்கும் அரை டிக்கெட்.

பெட்டியைக் கிளம்பும் முன் வீட்டிலேயே அளந்துவிடுங்கள். சக்கரம், கைப்பிடி உட்பட நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால், கடைசி வரிசைக்குப் பின்னால் பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையைப் பதிவு செய்யணும். கூடுதல் காசு கிடையாது. பதியாமல் ஏறினால் 1,000 யென்.

காகித டிக்கெட் வாங்கினால் பெரும்பாலும் இரண்டு சீட்டு தருவார்கள்: பயணக் கட்டணத்துக்கு ஒன்று, விரைவு ரயிலுக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அடுக்கி ஒரே தடவையில் கேட்டில் நுழைக்கணும். ஒன்றை மட்டும் போட்டால் கதவு அடைத்துக்கொள்ளும், பின்னால் வரிசை நிற்கும். மறுமுனையில் வெளியே வருவதை எடுக்க மறக்காதீர்கள், இறங்கும் ஸ்டேஷனிலும் அது வேண்டும்.

ஊருக்குள் சுற்ற, பணம் ஏற்றி கேட்டில் தட்டும் சுய்கா அட்டை, ஆளுக்கு ஒன்று. டோக்கியோ வட்டாரத்தில் தட்டி ஏறி ஒசாகா வட்டாரத்தில் தட்டி இறங்க முடியாது.

கடைசிகேட்:
ஒசாகாவிலிருந்து ஹொக்கைடோவுக்கு ரயிலை நினைக்கவே வேண்டாம். டோக்கியோவிலிருந்து போனாலே, ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஹொக்கைடோவின் தெற்கே ஹகோடாடே பக்கத்தோடு நின்றுவிடும். ஹொக்கைடோவின் பெரிய ஊரான சாப்போரோவுக்கு ரயில் மாறி இன்னும் மூன்றரை மணி நேரம். ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து சாப்போரோ பக்கத்து நியூ சிட்டோசேக்கு விமானம் இரண்டு மணி நேரம்தான். மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோ, எடை போட்டே விடுவார்கள். பெரிய பெட்டிக்கு டிக்கெட் எடுக்கும்போதே பணம் கட்டுங்கள், விமான நிலையத்தில் கட்டினால் தீட்டிவிடுவார்கள்.

திரும்பும்போது நியூ சிட்டோசேயிலிருந்து நரிதாவுக்கே டிக்கெட் போடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடாவில் இறங்கினால், அங்கிருந்து நரிதாவுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கணும்.

நாலுசக்கரம்:
லைசென்ஸ் மட்டும் போதாது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி அச்சிட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தைத்தான் ஜப்பான் ஏற்கும். இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருப்பதால் ஆர்.டி.ஓ. தருவது செல்லும், பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். அதோடு லைசென்ஸ், பாஸ்போர்ட் இரண்டும் அசலாகக் கையில் இருக்கணும். ஜெராக்ஸ், போனில் படம் எல்லாம் காட்டினால் சாவி தரமாட்டார்கள்.

6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு சைல்டு சீட் சட்டப்படி கட்டாயம். கார் பதியும்போதே கேளுங்கள், சுங்கச்சாவடிக்கான இ.டி.சி. அட்டையையும் கேளுங்கள்.

நம்மைப் போல அங்கும் இடதுபக்கம்தான் ஓட்டணும். அதனாலேயே ஒரு மிதப்பு வரும். வெள்ளை எழுத்து போட்ட கவிழ்ந்த சிவப்பு முக்கோணம் அங்கே 'நில்'. நம்ம 'வழி விடு' பலகை மாதிரி இருக்கிறதே என்று மெல்ல உருட்டிக்கொண்டு போனால் அபராதம். லெவல் கிராசிங்கில் கேட் திறந்திருந்தாலும் முழுசாக நிறுத்திவிட்டுத்தான் கடக்கணும். சிவப்பு விளக்கில் இடதுபுறம் திரும்பவும் கூடாது.

பெட்ரோல் பங்கில் சிவப்புக் குழாய் சாதா பெட்ரோல், மஞ்சள் உயர் ஆக்டேன், பச்சை டீசல். டேங்கை நிரப்பித்தான் காரை ஒப்படைக்கணும்.

கயல்விழி:
நன்றி சகோ. ஒரு பெட்டி 172 செ.மீ. வருகிறது. அதை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா?

ரயில்பித்தன்:
முடியும். ஹோட்டல் வரவேற்பிலேயே 'தக்யூபின்' என்று கேளுங்கள். டோக்கியோவில் கொடுத்தால் பொதுவாக மறுநாள் கியோட்டோ ஹோட்டலில் இருக்கும். ஒரு நாள் மாற்றுத்துணியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பவர் பேங்கைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.